பியூரிட்டன்: தூய்மைவாதியா, தூய்மையரா?

'பியூரிட்டன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் அவர்கள் யார் என்று பார்ப்போம். இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த பிறகும் அதில் ஒட்டிக்கொண்டிருந்த கத்தோலிக்கச் சடங்குகளைக் களையச் சொல்லிப் போராடிய புராட்டஸ்டண்டுகளே பியூரிட்டன்கள். 'தூய' என்று பொருள்படும் லத்தீன் 'பூருஸ்' இச்சொல்லின் வேர். 1560களில் எதிராளிகள் கேலியாக வைத்த பெயர் இது. 'இவர்தான் பெரிய சுத்தக்காரர்' என்ற நக்கல் அதில் உண்டு. அவர்களோ தங்களைத் தேவபக்தியுள்ளோர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

எதைத் தூய்மைப்படுத்துவது? குருவானவரின் வெள்ளை அங்கி, ஞானஸ்நானத்தில் குழந்தையின் நெற்றியில் இடும் சிலுவை அடையாளம், திருமண மோதிரம், முழந்தாளிட்டு நற்கருணை பெறுதல். வேதத்தில் கட்டளையிடப்படாத எதுவும் ஆராதனையில் கூடாது என்பதே வாதம்.

கொள்கையின் முதுகெலும்பு, 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் முன்குறிப்பு: யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார், நற்செயல்களால் அதைச் சம்பாதிக்க முடியாது. அப்படியானால் நான் மீட்புக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவனா என்ற கேள்வி ஆளை விடாது. அதனால்தான் ஓயாத சுயபரிசோதனை, ஆன்ம நாட்குறிப்புகள். பியூரிட்டன்கள் அமெரிக்காவில் குடியேறிய மாசசூசெட்ஸில் 1630களின் நடுவிலிருந்து, முழு உறுப்பினராக வேண்டுமானால் தம் மனமாற்ற அனுபவத்தைச் சபைக்குச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. சிக்கல் அங்கேதான் முளைத்தது. அந்தச் சபைகளிலேயே ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த பிள்ளைகள் பலரால் அப்படியொரு அனுபவத்தைச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா? 1662இல் 'பாதி வழி உடன்படிக்கை' என்ற சமரசம் வந்தது: குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு, பெற்றோருக்கு நற்கருணை கிடையாது.

அங்கே ஓய்வுநாள் சனிக்கிழமை சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். 1659இல் வந்த இச்சட்டம் 1681இல்தான் நீங்கியது. எப்போதும் கறுப்பு உடை என்பது பின்னாளைய சித்திரம். நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம், அன்றாடம் உடுத்தியது பழுப்பு போன்ற மங்கல் நிறங்கள். பீரும் குடித்தார்கள், குடிவெறிதான் பாவம். வேதம் வாசிக்க எழுத்தறிவு வேண்டுமே, ஆகவே 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று 1647இல் சட்டமே போட்டார்கள்.

தமிழில் 'தூய்மைவாதி' என்று பெயர்ப்பவர்கள் அதிகம். ஆனால் மொழியிலோ இசையிலோ கலப்பை ஏற்காத 'பியூரிஸ்ட்'டுக்கும் அதே சொல்தான் புழங்குகிறது. தனித்தமிழ் பற்றிய கட்டுரைகளைப் பார்த்தாலே தெரியும். வரலாற்று எழுத்தில் முதல் இடத்தில் 'பியூரிட்டன்கள் எனும் தூய்மையர்' என்று எழுதி, பிறகு 'தூய்மையர்' என்றே தொடர்வது குழப்பம் தராது. 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவின் பிளிமத்துக்குப் போனவர்களில் சமயக் காரணத்துக்காகச் சென்றோர் திருச்சபையை விட்டே விலகியவர்கள். அவர்களுக்கு 'விலகிய தூய்மையர்' பொருந்தும். அவர்களைப் 'பிரிவினைவாதி' என்றால் வாசகருக்கு நாட்டைத் துண்டாடுவோர் நினைவுதான் வரும். கேளிக்கை என்றாலே முகம் சுளிக்கும் இன்றைய ஆளைக் குறிக்கும்போது இவை எதுவும் வேண்டாம், 'கறார் ஒழுக்கவாதி' போதும்.