கிழட்டு மட்டிகள் மட்டும் வாழும் ஆறு

ஓர் ஆற்றின் அடியில் ஆயிரக்கணக்கான மட்டிகள், அதாவது இரண்டு ஓடுகளுக்குள் வாழும் சிப்பி வகை உயிர்கள், உயிரோடு இருக்கலாம். எல்லாமே நீரை இழுத்து, வடிகட்டி, வெளியே விட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் கிழங்கள், குஞ்சு ஒன்றுகூடக் கிடையாது. ஐரோப்பாவில் நன்னீர் முத்து மட்டி வாழும் பல ஆறுகளில் இன்றைய நிலை இதுதான். 100 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய இனம் இது. பிறப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆனபிறகும் ஆறு நன்றாக இருப்பதுபோலவே தெரியும். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பிறப்பு ஏன் நிற்கிறது? ஆண் மட்டி விந்தை நீரில் விட்டுவிடும். பெண் மூச்சுநீரோடு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். முட்டைகள் அதன் செவுளிலேயே வளர்ந்து, குளோக்கிடியா எனப்படும் இளம் உயிரிகளாகும். ஒரு பெண் முத்து மட்டி ஒரு பருவத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் வெளியே விடும். ஒவ்வொன்றும் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான். அவை சில நாட்களுக்குள் ஒரு மீனின் செவுளைப் பற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சாவுதான். எந்த மீனும் ஆகாது. முத்து மட்டிக்கு அட்லாண்டிக் சால்மன் அல்லது பழுப்பு டிரவுட் வேண்டும். மற்ற மீன்களின் உடல் அதை உதறிவிடும்.

மீனைப் பிடிக்க மட்டிகள் செய்யும் வேலைகளைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். வட அமெரிக்காவின் லாம்ப்சிலிஸ் வகைப் பெண் மட்டிகள், ஓட்டின் விளிம்பில் இருக்கும் சதையைக் கண்ணும் வாலும் உள்ள குட்டி மீன்போல ஆட்டிக் காட்டும். பாஸ் மீன் கடிக்க வந்ததும் குளோக்கிடியாக்கள் அதன் வாய்க்குள் சிதறும். ஸ்னஃப்பாக்ஸ் என்ற மட்டி இன்னும் ஒரு படி மேலே போகிறது. லாக்பெர்ச் என்ற மீன் கற்களைப் புரட்டி இரை தேடும்போது, எலிப்பொறி மாதிரி அதன் தலையைக் கவ்விக்கொண்டு, செவுள்கள் வழியே குஞ்சுகளைச் செலுத்திவிட்டு விடுவித்துவிடும். லாக்பெர்ச்சின் மண்டை கெட்டி, அதனால் பிழைத்துக்கொள்ளும். வேறு சிறு மீன்கள் சிக்கினால் பெரும்பாலும் செத்துவிடும்.

இவ்வளவு நெருக்கமான உறவு என்றால், மீன் வராவிட்டால் மட்டிக்கும் வழியில்லை. மிசிசிப்பி ஆற்றின் எபனிஷெல் மட்டி, ஒரு காலத்தில் மஸ்கட்டீன் நகரின் சட்டைப் பொத்தான் தொழிலுக்கு ஓடு தந்த முக்கிய இனம். அதன் குஞ்சுகளைச் சுமப்பது ஸ்கிப்ஜாக் ஹெர்ரிங் என்ற வலசை மீன். 1913இல் கியோகக் அணை எழுந்ததும் அந்த மீனால் மேலே ஏற முடியவில்லை. அணைக்கு மேலே மிஞ்சியவை வயதான மட்டிகள்தான்.

மீன் இருந்தாலும் போதாது. மீனிலிருந்து உதிரும் குட்டி மட்டி, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முத்து மட்டிக் குட்டி சுமார் ஐந்து ஆண்டுகள் கூழாங்கற்களுக்கு இடையே புதைந்தே வளரும். கரை அரித்தோ வயலிலிருந்தோ நுண்வண்டல் வந்து அந்த இடுக்குகளை அடைத்துவிட்டால், ஆக்சிஜன் உள்ளே போகாது, குட்டி மூச்சுமுட்டிச் சாகும். மேலே தலைநீட்டி இருக்கும் பெரியவை மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கும்.

சரி, இதற்கு என்ன செய்கிறார்கள்? சினைப்பட்ட பெண்ணைப் பிடித்து, ஓட்டைக் கொஞ்சமாகத் திறந்து, செவுளில் ஊசிக்குழாயால் நீர் பீய்ச்சி குளோக்கிடியாக்களை வெளியே எடுப்பார்கள். நுண்ணோக்கியின் கீழே ஒரு துளி எடுத்து உப்பு சேர்த்துப் பார்ப்பார்கள். உயிருள்ளவை டக்கென்று ஓட்டை மூடிக்கொள்ளும். அப்புறம் மீன்கள் இருக்கும் தொட்டியில் அவற்றை விடுவார்கள். முன்பே குளோக்கிடியா ஒட்டிய மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும் என்பதால் புது மீன்களாகத் தேர்ந்தெடுப்பார்கள். உதிரும் குட்டிகளைச் சல்லடையில் சேர்த்து, பாசி ஊட்டி வளர்த்து, ஓட்டில் எண் ஒட்டி ஆற்றில் விடுவார்கள்.

இந்த வேலை மெச்சத்தக்கதுதான். ஆனாலும் ஆற்றைச் சரிசெய்யாமல் குட்டிகளை விடுவது வீண் என்றே நினைக்கிறேன். டென்னசியில் டக் ஆற்றின் நார்மண்டி அணையிலிருந்து, 1990களில் குறைந்தபட்ச நீரோட்டத்தையும் ஆக்சிஜனையும் உயர்த்தித் திறந்துவிட ஏற்பாடு செய்தார்கள். அணைக்குக் கீழே மட்டிகள் மறுபடி பெருகின. கரையில் மரம் வளர்ப்பது, மாடுகள் ஆற்றில் இறங்காமல் வேலியிடுவது, பயன்படாத அணைகளை இடிப்பது எல்லாம் இதே வேலையின் பகுதிகள்தான்.

விட்ட மட்டிகள் உயிரோடு இருக்கின்றனவா என்பது ஓட்டிலுள்ள எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எண் ஒட்டாத குட்டி ஒன்று சல்லியில் கிடைத்தால்தான் ஆறு தானாகப் பெற்றெடுக்கிறது என்று அர்த்தம். முத்து மட்டி இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும். மூன்று நான்கு ஆண்டுத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கிவிட்டு முடிவைக் கேட்பது நியாயமில்லை. குறைந்தது 20 ஆண்டுக் கணக்கில் பணமும் ஆட்களும் வேண்டும்.