கையெழுத்து மேஜைக்குப் பின்னால் நின்றவர்

1971 டிசம்பர் 16, டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானம். பாகிஸ்தானின் கிழக்குப் படைத் தளபதி நியாசி சரணடைதல் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார், பக்கத்தில் இந்தியக் கிழக்குக் கட்டளையகத்தின் தளபதி அரோரா உட்கார்ந்திருக்கிறார். இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பின்னால் நிற்பவர்களில் ஒருவர் மேஜர் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், கிழக்குக் கட்டளையகத்தின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப். "அரோராவுக்கு பி.ஏ. மாதிரியா சார்?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். ராணுவத்தில் ஸ்டாஃப் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்; கொஞ்சம் சுருக்கென்றது.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப் என்றால் தரைப்படைக்கே தலைவர். 1955 வரை அந்தப் பதவிக்குக் கமாண்டர்-இன்-சீஃப் என்று பெயர். 1971-இல் அந்த நாற்காலியில் மானெக்‌ஷா. ஜேக்கப்பின் பதவி வேறு. முடிவு தளபதியுடையது, அந்த முடிவு நடக்குமா என்று கணக்குப் போட்டு, நடக்கும்படி செய்வது சீஃப் ஆஃப் ஸ்டாஃப்.

கேப்டனாக இருந்தபோது ஒரு வரைபடப் பயிற்சியில் இதை நேரில் பார்த்தேன். "நாளை விடியற்காலையில் ஆற்றைக் கடக்கிறோம்" என்றார் தளபதி. சீஃப் ஆஃப் ஸ்டாஃப் அமைதியாக, "பாலச் சாமான் ஏற்றிய லாரிகள் நாளை ராத்திரிதான் வந்து சேரும் சார்" என்றார். அறையில் ஒரு சத்தமில்லை. அப்புறம் தளபதியே தேதியை மாற்றினார். 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவர் அந்த நாற்காலிக்கு ஆகாது. வெலிங்டன் ஸ்டாஃப் கல்லூரியில் ஏறக்குறைய ஒரு வருடம் படிப்பதில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான்.

இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்கத்தில் பத்மா, ஜமுனா, மேக்னா மூன்றும் நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கின்றன. மழைக்காலத்தில் டாங்கி இறங்கினால் சேறுதான். படையின் ஒரு பகுதி திரிபுரா பக்கமிருந்து நுழைய வேண்டும். ரயிலோ அன்று தர்மநகரோடு நின்றுவிடும், மீதி மலைச்சாலை. குண்டு, எரிபொருள், அரிசி, மருந்து எல்லாம் அந்த வழியில் லாரியில் போய், போருக்கு முன்பே அங்கே குவிந்திருக்க வேண்டும். டிசம்பர் 3-இல் தொடங்கி 13 நாளில் முடிந்த போர் என்கிறோம். அதற்கு முந்தைய மாதங்களில் நடந்த இந்த வேலையை யாரும் படம் பிடிக்கவில்லை.

சரணடைதல் பத்திரத்தின் வரைவோடு அன்று பகலில் டாக்காவில் இறங்கி நியாசியிடம் பேசியவரும் ஜேக்கப்தான். அரோரா வந்தது அதற்கு அப்புறம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மாணவர் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கினார். "இதில் எவர் சார் அவர்?"