தாலி கட்டும் படத்தில் ஆறு கோடுகள்

வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபம். ஐயர் தாரை வார்க்கும் மந்திரத்தைத் தொடங்கியதும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த தம்பி என் பக்கம் திரும்பி, "அண்ணை, உங்கட கிளிக் சத்தம் என்ர மைக்கில விழுது" என்றான். நியாயம்தான். கமராவைச் சத்தமில்லாத ஷட்டருக்கு மாற்றினேன். மாற்றியதை மறந்தும் போனேன். அரை மணித்தியாலம் கழித்துக் கெட்டிமேளம் முழங்கியது. அந்த நேரத்தில் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் யாருக்கும் கேட்டிராது. நானோ ஓசையே இல்லாமல் நாற்பது படம் எடுத்து முடித்தேன்.

இரவு வீட்டில் கணினியில் திறந்தால், ஒவ்வொரு படத்திலும் குறுக்கே ஆறு இருண்ட பட்டைகள். பறந்துவரும் அறுகரிசி மணிமணியாகத் தெரிகிறது. மணமகளின் கண்களுக்கு மேலே ஒரு பட்டை, மாப்பிள்ளையின் கைக்கு மேலே இன்னொன்று. "தம்பி, பிள்ளையின்ர முகத்தில என்ன கறுப்பாக் கிடக்கு? லைட் பிழையோ, கமரா பிழையோ?" என்று மணமகளின் தாயார் கேட்டார். இரண்டும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தன, பிழை என்னுடையது என்று சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை.

அன்றிலிருந்து, "என்ன பொடி வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். (பொடி என்றால் லென்ஸ் பூட்டாத வெறும் கமரா, மூக்குப்பொடி இல்லை.) அதன் சென்சர் ஒரு முறை முழுதாக வாசிக்கப்பட எத்தனை மில்லிசெக்கன் எடுக்கும்? கடைக்காரருக்கு அது தெரியாது. பெட்டியிலும் அச்சடித்திருக்க மாட்டார்கள். ஆனால் நீங்களே அளந்துவிடலாம், ஒரு சதம் செலவில்லாமல்.

முதலில் அந்தப் பட்டைகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 24 மெகாபிக்சல் சென்சர் என்பது 4000 நிரைகளும் 6000 நிரல்களுமாக அடுக்கிய கலங்கள் உள்ள சிலிக்கன் தகடு. போட்டன்கள் (ஒளித்துகள்கள்) விழ, கலங்களில் இலத்திரன்கள் சேரும். சேர்ந்ததை எண்ணாக மாற்றினால் படம். இன்றைய கமராக்களில் உள்ள சீமோஸ் வகைச் சென்சர்களில் பெரும்பாலானவை 4000 நிரைகளையும் ஒரே கணத்தில் வாசிப்பதில்லை. ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பு வரை நிரை நிரையாகப் போகும். கலியாணப் பந்தியில் சோறு போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள்: கடைசி இலைக்கு அவர் வந்து சேரும்போது முதல் இலைக்காரர் ரசம் கேட்பார். சத்தமில்லாத ஷட்டரில் திரை எதுவும் அசையாது, சென்சரை மின்னணு முறையில் வாசிப்பதே ஷட்டர். அதில் ஒவ்வொரு நிரைக்கும் வெளிச்சம் பிடிக்கும் நேரம் சமம்தான். ஆனால் அந்த நேரம் தொடங்குவது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கணத்தில்.

இனி விளக்கு. இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். ஒரு சுற்றில் இரு முறை உச்சம் என்பதால், மலிவான எல்.இ.டி. குமிழும் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் செக்கனுக்கு 100 தரம் பிரகாசித்து மங்கும். ஒரு துடிப்புக்கு 10 மில்லிசெக்கன். கண் அதைப் பிடிக்காது. அன்று என் சென்சர் முழுதாக வாசிக்கப்பட ஏறத்தாழ 60 மில்லிசெக்கன் எடுத்தது. அதற்குள் மண்டபத்து விளக்குகள் ஆறு தரம் மங்கின. அறுகரிசியை உறைய வைக்க நான் வைத்திருந்த வேகம் 1/400, அதாவது 2.5 மில்லிசெக்கன், ஒவ்வொரு நிரையும் துடிப்பில் காற்பங்கைத்தான் கண்டது. உச்சத்தைக் கண்ட நிரை வெளிச்சம், பள்ளத்தைக் கண்ட நிரை இருட்டு.

அதே இடத்தில் 1/100 வைத்திருந்தால் ஒரு பட்டையும் விழுந்திராது. 10 மில்லிசெக்கன் திறந்திருக்கும் நிரை, எந்தக் கணத்தில் தொடங்கினாலும், சரியாக ஒரு முழுத் துடிப்பைக் குடித்துவிடும். 1/50 வைத்தால் இரண்டு. 1/60 வைத்தால்தான் கணக்கு உதைக்கும்: ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவு. கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்து தந்த கமராவில் வீடியோ எடுத்தால் படம் நெளிகிறது என்று புலம்புகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். கமராவும் செக்கனுக்கு 30 சட்டகம், 1/60 என்று அந்த ஊருக்கே பழகி வந்திருக்கும். கமராவின் மெனுப் பட்டியலுக்குள் போய் 25 சட்டகத்துக்கும் 1/50க்கும் மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. மாமாவைக் குறை சொல்லத் தேவையில்லை.

அளக்கும் வழி இதுதான். கமராவைச் சத்தமில்லாத ஷட்டருக்கு மாற்றுங்கள், வேகத்தை 1/1000 அல்லது அதற்கு மேலே வையுங்கள், துடிக்கும் விளக்கொன்றின் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைக் கிடையாகப் படமெடுங்கள். இருண்ட பட்டைகளை எண்ணி 10ஆல் பெருக்கினால் வருவது மில்லிசெக்கன் கணக்கில் வாசிப்பு நேரம். ஆறு பட்டை என்றால் 60. ஒன்றரை என்றால் 15. ஒரு பட்டைகூட முழுதாக இல்லாமல் மேலிருந்து கீழே மெல்ல இருள்கிறது என்றால், 10க்கும் குறைந்த வேகமான சென்சர். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். சுவர் ஒரே சீராக வந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். அந்த விளக்கு துடிக்காத நல்ல விளக்காக இருக்கக்கூடும். இலத்திரனியல் சோக் உள்ள டியூப் லைட்டுகள் இந்தச் சோதனைக்கு உதவா. வேறு விளக்கைத் தேடுங்கள்.

பழைய இயந்திர ஷட்டரும் நிரை நிரையாகத்தான் வேலை செய்கிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சென்சருக்கு முன்னால் இரண்டு திரைகள். ஒன்று திறந்துகொண்டு போக, மற்றது மூடிக்கொண்டு பின்னால் வரும். வேகம் கூடக்கூட இரண்டுக்கும் இடையிலான இடுக்கு ஒடுங்கும். ஆனால் நல்ல பொடிகளில் அந்தத் திரை 24 மி.மீ. உயரத்தை ஏறத்தாழ 4 மில்லிசெக்கனில் கடந்துவிடுகிறது. பிளாஷ் அடிக்க 1/200, 1/250 என்று எல்லை வைப்பதும் இதனால்தான்: அதற்கு மேலே போனால் சென்சர் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கணமே கிடையாது.

ஆகவே மின்னணு வாசிப்பு அந்த 4 மில்லிசெக்கனை எட்டிவிட்டால் திரைக்கு வேலை இல்லை. 2017இல் சோனி ஏ9 அந்தத் திசையில் பெரிய அடி வைத்தது. சென்சருக்குப் பின்னாலேயே நினைவகத்தை அடுக்கி ஒட்டி, வாசித்ததை உடனே அங்கே கொட்டியதால் வாசிப்பு நேரம் ஒரேயடியாக இறங்கியது. 2021இல் நிக்கோன் இசட்9 இயந்திர ஷட்டரையே கழற்றி எறிந்தது. வேகமான வாசிப்பில் இன்னொரு இலாபமும் உண்டு: இன்றைய கமராக்கள் குவியத்தைக் கணக்கிடுவதும் அதே சென்சரை வாசித்துத்தான். அடிக்கடி வாசிக்க முடிந்தால் மணவறையைச் சுற்றி வருகிறவர்களின் கண்ணை அடிக்கடி தேடிப் பிடிக்கவும் முடியும். ஏ9 செக்கனுக்கு 60 தரம் அந்தக் கணக்கைப் போட்டது.

2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III எல்லாக் கலங்களையும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடுகிறது. 1/80,000 வேகத்திலும் பிளாஷ் அடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கலமும், வாசிக்கப்படும் வரை தன் இலத்திரன்களை ஒதுக்கி வைக்க உள்ளேயே ஒரு சேமிப்பிடம் தர வேண்டியிருக்கிறது. பத்துப் பேர்ச் காணிக்குள் வீட்டையும் கட்டிக் களஞ்சியத்தையும் கட்டினால் முற்றம் சுருங்கும். அதன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன் எண்) 250இல் தொடங்குகிறது, வழக்கமாக 100. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வகைச் சென்சர் வாங்கினால் விளக்குத் துடிப்பே இராது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டைதான் இராது. ஒரு படம் முழுக்க வெளிச்சம், அடுத்த படம் முழுக்க இருட்டு என்று வரும். அதற்கு மருந்து, விளக்கின் உச்சத்தைக் கண்டு அந்தக் கணத்தில் ஷட்டரைத் தட்டும் வசதி. 2014இல் கெனன் 7டி மார்க் II கொண்டுவந்த அந்த வசதி இப்போது பல பொடிகளில் உண்டு. வாங்கும்போது கேளுங்கள்.

மெகாபிக்சலைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனமில்லை. 24 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சில் 20 அங்குல அகலத்துக்குப் போடலாம். 45 மெகாபிக்சல் 27 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும். ஏறத்தாழ இரு மடங்கு எண்ணுக்கு நீளத்தில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு சொச்சம். ஆனால் கோப்பின் பருமன் ஏறத்தாழ இரு மடங்காகும். ஒரு கலியாணத்துக்கு 4000 படம் எடுக்கிறவனுக்கு அது வன்தட்டுச் செலவு. விளம்பரப் பலகைக்கு எடுக்கிறவர்கள் வாங்கட்டும்.

சென்சரின் பரப்புக் கதை வேறு. முற்றத்தில் வரிசையாகச் சிரட்டைகளை வைத்து மழையில் விடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு துளி விழாது. சராசரி 100 துளி என்றால் ஒன்றுக்கொன்று 10 துளி கூடக்குறைய இருக்கும். சராசரி 10,000 என்றால் 100. முதலாவது பத்து வீதப் பிசகு, இரண்டாவது ஒரு வீதம். போட்டன் மழையும் இதே வர்க்கமூலக் கணக்கில்தான் பெய்கிறது, இருண்ட படத்தில் மணல் தூவினதுபோல் தெரிவது பெரும்பாலும் இதுதான். முழுச் சட்டகச் சென்சர் 36க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி என்னும் சிறிய வகை ஏறத்தாழ 370. அதே லென்ஸ் துவாரம், அதே வேகம் என்றால் பெரியது இரண்டே கால் மடங்குக்கு மேல் வெளிச்சத்தைச் சேர்க்கும். விளக்கை அணைத்துவிட்டுக் குத்துவிளக்கொளியில் ஆரத்தி எடுக்கும் வீடுகளில் அந்த வித்தியாசம் தெரியும். பகல் வெளிச்சத்தில் காலிமுகத்திடலில் சோடி எடுக்கும் படத்தில் தெரியாது.

கூறைச் சேலைக்கென்று தனியாக ஒரு வரி. சென்சரில் பாதிக் கலங்களுக்குப் பச்சை வடிகட்டி, காற்பங்குக்குச் சிவப்பு, காற்பங்குக்கு நீலம். கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்புக் கூறை வந்து நின்றால் சிவப்புக் கலங்கள்தான் முதலில் நிரம்பி வழியும். பின்திரையில் வரும் மொத்த வெளிச்ச வரைபடம் பச்சைக்கு அதிக மதிப்புக் கொடுப்பதால் எல்லாம் நலம் என்று காட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் சரிகைக்கு இடையில் இழை ஒன்றும் இல்லை, குங்குமம் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கும். மூன்று நிற வரைபடத்தையும் தனித்தனியாகக் காட்டும் பொடியாகப் பாருங்கள்.

கொழும்பின் காற்றையும் மறக்க முடியாது. மண்டபத்துக்குள் குளிரூட்டி 22 பாகை. வெளியே 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம்; அந்தக் காற்றின் பனிபடுநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 பாகை. மணமக்கள் காரில் ஏறும் படத்துக்காக நீங்கள் ஓடிவரும்போது உங்கள் கமரா 22 பாகையில் இருக்கிறது, ஆகவே குளிர்ந்த சோடாப் போத்தல்போல் வியர்க்கும். மழைத்துளி புகாதபடி இறப்பர் வைத்த விலையுயர்ந்த பொடியும் ஈரக் காற்றை நிறுத்தாது. வெளியே வருவதற்கு முன் இறுக மூடிய பைக்குள் வைத்து, இருபது முப்பது நிமிடம் மெல்லச் சூடேற விட வேண்டும். வழியனுப்பும் நேரத்தில் இருபது நிமிடம் யார் தருவார்கள்? இரண்டாவது பொடி ஒன்றைக் காரிலோ வாசலிலோ முன்கூட்டியே வைத்துவிடுவேன். வீட்டில் 40 முதல் 50 வீத ஈரப்பதன் உள்ள உலர்பெட்டி. அது இல்லாமல் அலுமாரிக்குள் வைத்த லென்ஸில் பங்கசு சிலந்திவலைபோல் படர்ந்ததைப் பார்த்தவன் நான்.

படம் பதியும் மெமரி கார்ட் இரண்டு போட இடமில்லாத பொடியைக் கலியாணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களுக்குள் 360ஐத் தொட்ட பிறகு எங்களில் பலர் பழைய பொடிகளைத்தான் தேடுகிறோம். அப்படி வாங்கும்போது ஷட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்று பாருங்கள். நிக்கோன் டி850 ஷட்டர் இரண்டு இலட்சம் தரத்துக்குச் சோதிக்கப்பட்டது. கலியாணம் எடுத்த கை என்றால் சில வருடங்களில் அது முடிந்துவிடும்.

போன மாதம் என்னோடு உதவிக்கு வரும் பொடியன் பம்பலப்பிட்டியில் ஒரு கடையிலிருந்து அழைத்தான். பாவித்த பொடி ஒன்றைக் கையில் வைத்திருக்கிறான். பின்னால் கடைக்காரர், ஏன் என்ர சுவரைப் படமெடுக்கிறீர் என்று கேட்பது கேட்டது.

"அண்ணை, ரெண்டு கோடு, கொஞ்சம் மிச்சம். இருபத்திரண்டு மில்லிசெக்கன் எண்டு வைப்பம். எடுக்கட்டோ?"

"கார்ட் எத்தனை போடலாம் எண்டு பார்த்தனியோ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கமராவின் கார்ட் கதவு திறக்கும் சின்னக் கிளிக் மட்டும் கேட்டது.

"ஒண்டுதான் அண்ணை."