ஏழு மணிக்குத் திணறும் வண்டி

வில்லிவாக்கத்தில் எங்கள் சந்துக்குள் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி நுழைந்தால், எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் அவர் வண்டி ஒருமுறை திணறும், பிறகு உறுமும். அந்தத் திணறலைக் கேட்டதும் அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். அப்பா வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்கும் டீ பொங்குவதற்கும் சரியாக இருக்கும்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஒருநாள், தண்ணி கேன் போடுகிற பையனின் வண்டி அதே இடத்தில் அதேபோலத் திணறியது. அம்மா எழுந்துபோய் லைட்டரை அழுத்திவிட்டார். நீல நெருப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "எனக்கு என்னமோ ஆயிடுச்சுடா," என்று அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. 26 வருடமாகப் பழகிய வேலையை அவர் மூளை அன்றும் ஒழுங்காகச் செய்தது, அவ்வளவுதான்.

கரண்ட் போன இரவில் மாடிப்படி இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் கால் வைத்து, தரை தட்டி உடம்பே தூக்கிப்போடுமே, அதை எல்லோரும் அனுபவித்திருப்போம். கால் தரையைத் தொடும் முன்பே, எங்கே தொடும் என்று மூளை கணக்குப் போட்டு முடித்துவிடுகிறது. கணக்கும் தரையும் ஒத்துப்போனால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. தப்பும்போதுதான் திடுக்கிடுகிறோம். படிக்கட்டுக்கு மட்டுமில்லை, வீட்டு மனிதர்களுக்கும் மூளை இப்படித்தான் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கிறது.

இந்தக் கணக்கு நரம்பணு அளவில் எப்படி நடக்கிறது என்பதைக் குரங்குகளை வைத்துக் காட்டியவர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர். விளக்கு எரியும், கொஞ்ச நேரம் கழித்து வாயில் பழச்சாறு சொட்டும். முதலில் சாறு வரும்போதுதான், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை அணுக்கள் துடித்தன. பழகியபின் விளக்கு எரிந்ததுமே துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. பிறகு விளக்கை மட்டும் போட்டுவிட்டுச் சாறு தராமல் விட்டார்கள். சாறு வந்திருக்கவேண்டிய அதே நொடியில் அந்த அணுக்களின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. வராத ஒன்று வராத நேரத்தை மூளை அவ்வளவு துல்லியமாகக் குறித்து வைத்திருந்தது. ஷுல்ட்ஸும் இன்னும் இருவரும் சேர்ந்து 1997இல் இதைக் கணிதமாகவே எழுதினார்கள். குரங்கின் பழச்சாறும் மனிதரின் துக்கமும் ஒன்றாகிவிடாதுதான். ஆனாலும் சாவு வீட்டில் பகலெல்லாம் திடமாக இருந்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நேரம் வந்தால் உடைந்துபோவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரங்குதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு. வருடத்துக்கு 300 வேலைநாள், 26 வருடம். அப்பா ஏறக்குறைய 7,800 முறை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார். வராத ஏழு மணிகள் இந்த இரண்டு வருடத்தில் ஒரு 600 இருக்கும். சாட்சியத்தை எண்ணித் தீர்ப்புச் சொல்லும் ஒரு இயந்திரத்திடம் இந்த வழக்கு போனால், எந்தப் பக்கம் சாயும்?

இன்னும் விசித்திரமான ஒரு சோதனை நார்வேயில் டிரான்ட்ஹைம் நகரில் நடந்தது. மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும், மூளைக்குள் இடவரைபடம் எப்படி அமைகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜான் ஓகீஃபுடன் 2014 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். அவர்கள் ஆய்வகத்தில் எலியை ஒரு பெட்டிக்குள் விட்டு, நடுவே ஒரு பொருளை வைத்தார்கள். பொருளின் அருகே எலி வந்தால் என்டோரைனல் புறணி என்ற பகுதியில் சில அணுக்கள் துடித்தன. இதில் ஆச்சரியம் இல்லை. பொருளை எடுத்த பிறகு, அது முன்பு இருந்த வெற்றிடத்துக்கு எலி வரும்போது வேறு சில அணுக்கள் துடிக்கத் தொடங்கின. இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்பதற்கென்றே தனி அணுக்கள். பொருளை எடுத்து நாள்கணக்கான பிறகும் அவை ஓயவில்லை. 2013இல் வெளியான இந்த முடிவைப் படித்த அன்று, எங்கள் வீட்டு ஜன்னலோரத்து நாற்காலியில் ஏன் இன்னும் யாரும் உட்காருவதில்லை என்று புரிந்த மாதிரி இருந்தது.

சரி, அப்பா இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாதா? காரியம் செய்ததும் படத்துக்கு மாலை போட்டதும் எல்லாம் அவர் கண் முன்னேதான் நடந்தது. அந்த அறிவு, நடந்ததை நடந்தபடி வைத்திருக்கும் நிகழ்ச்சி நினைவில் பத்திரமாக இருக்கிறது. ஏழு மணி வேறு அறையில் இருக்கிறது. சைக்கிள் ஓட்டுவது போல, சொல்லாமலே கைகால் செய்துவிடும் பழக்கத்தின் அறை அது. முதல் அறைக்குச் செய்தி ஒரே நாளில் போய்விடும். இரண்டாவதற்கு, ஒவ்வொரு ஏழு மணியாகத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும். துக்கம் நாள்பட ஆறுவதற்கு இதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

வாசனை இந்த இரண்டு அறைகளையும் கேட்டு நடப்பதில்லை. காட்சியும் ஒலியும் தலாமஸ் என்ற சந்திப்பில் நின்று, பிரிந்து, பிறகுதான் மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகும். மூக்கிலிருந்து கிளம்பும் செய்தி அங்கே நிற்காமல் உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேராகப் போகிறது, நினைவைக் கோக்கும் ஹிப்போகேம்பஸும் பக்கத்து வீடுதான். லேத்தில் இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றும் கூலண்ட், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அப்பாவின் கையை விட்டு அந்த வாசனை போகாது. பீரோவில் மடித்து வைத்த சட்டையில் இன்னும் இருக்கிறது. பாடியில் ஒரு பட்டறை வாசலைக் கடந்தபோது அது மூக்கில் ஏறி, யோசிக்கும் முன்பே கண் கலங்கி, வண்டியை ஓரம் கட்டினேன்.

அழுகைக்குள்ளேயே ஒரு தித்திப்பும் இருக்கிறது. சட்டையை ஏன் திரும்பத் திரும்ப எடுத்து முகர்கிறோம்? மேரி ஃபிரான்சஸ் ஓ'கானர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்குத் தாயையோ சகோதரியையோ பறிகொடுத்த 23 பெண்களிடம் இறந்தவரின் படத்தைக் காட்டியபடி மூளையைப் படம் பிடித்தார்கள். வலியோடு தொடர்புள்ள பகுதிகள் எல்லோருக்கும் கிளர்ந்தன. துக்கத்திலிருந்து மீளமுடியாமல் இருந்த 11 பேருக்கு மட்டும் கூடுதலாக நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற இடமும் கிளர்ந்தது. நமக்கு வேண்டியதைத் தேடிப் போகச்சொல்லும் இடம் அது. ஏக்கம் எவ்வளவு என்று அவர்களே சொன்ன அளவோடு அந்தக் கிளர்ச்சியும் கூடியது. அதாவது, அந்த மூளைகள் இன்னும் தேடிக்கொண்டிருந்தன.

"நேத்து ராத்திரி உங்கப்பா கட்டில் பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சு," என்று அம்மா ஒருநாள் மெல்லச் சொன்னார், பைத்தியம் என்று நினைத்துவிடுவேனோ என்ற பயத்தோடு. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டுப் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்வது, பார்ப்பது, குரலைக் கேட்பது என்று ஏதாவது ஒன்று அவர்களில் பாதிப் பேருக்கு அருகே நேர்ந்திருந்தது. பெரும்பாலானோர் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "வெள்ளக்காரனுக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, ஒவ்வொன்றாக ஏறினால் கரைசேரலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அந்த ஐந்தையும் எழுதியது, தாங்களே சாகப்போகிறோம் என்று அறிந்த நோயாளிகளைப் பார்த்து. பின்னால் அது உயிரோடு இருப்பவர்கள் தலையிலும் கட்டப்பட்டது. என் வீட்டில் நான் கண்டதற்குப் பொருத்தமாக இருப்பது மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999இல் சொன்ன விளக்கம். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், பிழைப்பின் பக்கம் கொஞ்ச நேரம் என்று ஊஞ்சல்போல ஆடுகிறார். சாவு வீட்டில் பெரியப்பா அடித்த ஜோக்குக்கு எல்லோரும் சிரித்து, உடனே குற்றவுணர்வில் வாய் பொத்திக்கொண்டோம். பொத்தியிருக்கத் தேவையில்லை. ஆடத்தான் வேண்டும். ஒரே பக்கம் மாட்டிக்கொள்வதுதான் சிக்கல். மாதங்கள் கடந்தும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு ஏக்கம் அழுத்தினால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சொல்கிறது, குறைந்தது ஆறு மாதம் என்று கெடு வைத்து. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே கேலிக்கு வைத்திருக்கும் ஊர் இது; நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் அரசின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஜூன் மூன்றாவது ஞாயிறு, தந்தையர் தினம் வந்தால் ஸ்டேட்டஸ் முழுக்க அப்பாக்கள். இது நமக்கு ஆகாது என்று முதல் வருடம் போனை அணைத்து வைத்தேன். பிறகுதான் அந்த நாளின் பூர்விகத்தைத் தேடிப் படித்தேன். 1907 டிசம்பரில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மொனாங்கா நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 360க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பிள்ளைக்குட்டிக்காரர்கள். தன் தந்தையையும் இழந்திருந்த கிரேஸ் கோல்டன் கிளேட்டன் என்ற பெண் கேட்டுக்கொண்டதால், 1908 ஜூலை 5 அன்று பக்கத்து ஊரான ஃபேர்மான்ட் தேவாலயத்தில் தந்தையருக்காக ஒரு வழிபாடு நடந்தது. அது அத்தோடு நின்றுபோனது. இன்று கொண்டாடும் நாள் 1910இல் ஸ்போக்கேன் நகரில் தொடங்கியது. சொனோரா ஸ்மார்ட் டாட், மனைவி இறந்தபின் ஆறு பிள்ளைகளையும் வளர்த்த தன் அப்பாவுக்காகக் கேட்டு வாங்கிய நாள். இரண்டு கதைகளிலும் ஒரு சாவு இருக்கிறது. வாழ்த்து அட்டைக்காரர்கள் சொல்லாத சேதி.

மரபில் செய்வதற்கெல்லாம் அறிவியலை ஒட்டவைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் ஆடி அமாவாசையன்று இலை போட்டு, அப்பாவுக்குப் பிடித்த மட்டன் குழம்பை அமாவாசை என்பதால் மறுநாளைக்கு ஒத்திப்போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, அது வரும்வரை மொட்டைமாடியில் எல்லோரும் காத்திருக்கும்போது ஒன்று நடக்கிறது. வருடம் முழுக்க எந்நேரமும் குறுக்கே வரும் எதிர்பார்ப்புக்கு ஒரு நாளும் ஒரு இடமும் கிடைக்கிறது. அன்றைக்குக் காத்திருக்கலாம், யாரும் பைத்தியம் என்று சொல்லமாட்டார்கள்.

காத்திருக்கும் நேரத்தில் கதை ஓடும். தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினத்தில் உச்சிக்குப் போனபோது அப்பாவின் புதுச் செருப்பு நழுவிக் கீழே விழுந்த கதை. அது ஒருவர் கையிலிருந்த டெல்லி அப்பளத்தை உடைத்தது என்பது என் நினைவு. பஜ்ஜிக் கடைக்காரரின் மாவுச் சட்டியில் விழுந்தது என்று தங்கச்சி சத்தியம் செய்கிறாள். விழுந்தது செருப்பே இல்லை, கண்ணாடி என்கிறார் அம்மா. 7,800 ஏழு மணிகளும் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஏழு மணியாகிவிட்டன. அந்த ஒரு இரவு மட்டும் தனியாக நிற்கிறது, ஏனென்றால் பயமும் சிரிப்பும் சேர்ந்த நேரத்தில் சுரந்த நோரட்ரினலின் என்ற வேதிப்பொருள் அதை அழுத்திப் பதித்திருக்கிறது. அப்படிப் பதிந்ததும் அப்படியே இருப்பதில்லை. 2000இல் கரீம் நாடர், ஜோசப் லெடூ என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியபடி, ஒரு நினைவை எடுக்கும்போது அது இளகுகிறது. மறுபடி இறுகப் புதிதாகப் புரதம் தேவை. அதைத் தடுத்தால், முந்தின நாள் கற்ற பயம் எலிக்குப் போய்விட்டது. நினைவைத் தொடாத எலிகளுக்கு எதுவும் ஆகவில்லை. ஆக, கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றித்தான் உள்ளே வைக்கிறோம். அப்பளத்தை நானே எப்போதோ சேர்த்திருக்கலாம். விட்டுக்கொடுக்க மனமில்லை.

இந்த ஜூனில் போனை அணைக்கவில்லை. தங்கச்சி குடும்பத்தோடு வந்தாள், மச்சானைப் பிள்ளைகள் கேக் வெட்டவைத்தார்கள், பிரியாணி வந்தது. சாப்பிட்ட பிறகு தங்கச்சி மகன் தார்ப்பாயை விலக்கி அப்பாவின் வண்டியை வெளியே இழுத்தான். பதினைந்து முறை மிதித்தும் உயிர் வரவில்லை.

"பிளக்கைக் கழட்டு," என்றார் அம்மா திண்ணையிலிருந்து. "உப்புத்தாள் போட்டுத் தேய். கரி இருக்கும் பாரு. தொடைச்சிட்டு மாட்டு."

"ஆயா, உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தொட்டதே இல்லடா."

தேய்த்து மாட்டி மறுபடி மிதித்தான். நாலாவது மிதியில் வண்டி திணறியது.

"ஆங், இப்போ விடாத. முறுக்கு!"