எச்சில் ஆற்றும் புண்

திண்டுக்கல்லில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கேட்டிருந்தார்: "செமஸ்டர் தேர்வு நெருங்கினாலே எனக்கு வாய்ப்புண் வந்துவிடுகிறது. உடல் சூடு என்கிறார் அம்மா. வயிற்றில் புண் இருந்தால்தான் வாயில் வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் கொடுக்கிறார்கள். போட்டால் நாலைந்து நாளில் சரியாகிறது, அடுத்த தேர்வுக்குத் திரும்ப வருகிறது. யார் சொல்வது சரி?"

அவரே கவனித்ததுதான் இதில் மிகச் சரியானது என்பேன். தேர்வுக்கும் வாய்ப்புண்ணுக்கும் தொடர்பு உண்டு. அதற்கு முன், எந்தப் புண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம்.

உதட்டின் உட்பக்கம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, இப்படி மெத்தென்ற இடங்களில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வரும். நடுவில் வெளிர்மஞ்சள், சுற்றிலும் சிவப்பு வளையம். இதை ஆப்தஸ் புண் என்கிறார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் ஒரு செண்டிமீட்டருக்குள் அடங்கும், ஒன்று முதல் இரண்டு வாரத்தில் தழும்பில்லாமல் ஆறிவிடும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. உதட்டின் வெளி விளிம்பில் நீர்கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது வேறு கதை. ஹெர்ப்பிஸ் வைரஸின் வேலை அது, முத்தத்தில் தொற்றும். கடவாயில் வெடித்து எரிவது மூன்றாவது வகை. அதற்குப் பல நேரம் பூஞ்சையோ, இரும்புச்சத்து அல்லது பி வைட்டமின் குறைவோ காரணம். பி காம்ப்ளக்ஸுக்கு 'வாய்ப்புண் மாத்திரை' என்ற பேர் நிலைத்ததில் இந்தக் கடவாய்ப் புண்ணுக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆப்தஸ் புண்ணைக் கிருமி உண்டாக்குவதில்லை. நம்முடைய வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள், வாயின் மேல்படலச் செல்களையே பகையாக எண்ணித் தாக்குகின்றன. புண் கண்ணுக்குத் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடத்தில் ஒரு சுருக்கு, ஒரு எரிச்சல் தெரியும். டி செல்கள் அங்கே கூடிவிட்டன என்பதற்கான அறிகுறி அது. பிறகு படலம் செத்து உதிர்கிறது, பள்ளம் விழுகிறது. ஏன் எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதற்குப் பரம்பரை ஒரு காரணம். பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். தாக்குதலைத் தூண்டிவிடுவது சிறிய விஷயமாகவே இருக்கும்: கன்னத்தைக் கடித்துக்கொள்வது, கூர்மையான பல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், இரும்பு அல்லது பி12 குறைவு, மன அழுத்தம். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் சிலருக்குத் தூண்டுகோல்தான். அந்தப் பொருள் இல்லாத பற்பசைக்கு மாறியவர்களுக்குப் புண் குறைந்ததைச் சில சோதனைகள் காட்டியிருக்கின்றன.

புண் வந்த பிறகு ரசம் சாப்பிட்டால் உயிர் போவதற்கும் காரணம் உண்டு. படலம் போனதால் நரம்பு நுனிகள் மூடியில்லாமல் கிடக்கின்றன. அவற்றில் டிஆர்பிவி1 என்ற உணர்வி இருக்கிறது. மிளகாயின் காரத்தை உடல் எப்படி உணர்கிறது என்று தேடியபோது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் இதைக் கண்டுபிடித்தது; அந்தக் கண்டுபிடிப்பு 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு வாங்கித்தந்தது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் இந்த உணர்வி விழித்துக்கொள்ளும். மிளகாயின் கேப்சைசின் பட்டாலும், மிளகின் பைப்பரின் பட்டாலும் அப்படியே. புளிப்பு சேர்ந்தால் இன்னும் எளிதாக விழிக்கும். சூடு, காரம், மிளகு, புளி நான்கும் ஒரே டம்ளரில் போய் ஒரே உணர்வியைத் தட்டினால் வேறென்ன ஆகும்?

சரி, வலி புரிந்தது. எனக்கு உண்மையில் வியப்பளிப்பது இதற்குப் பிறகு நடப்பது.

கையில் இதே அளவு தோல் போயிருந்தால் பொருக்குக் கட்டி, உதிர்ந்து, கடைசியில் ஒரு தடம் மிச்சமிருக்கும். வாயிலோ கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நீந்துகின்றன, ஒரு நாளைக்கு மூன்று வேளை சோறும் குழம்பும் உரசிக்கொண்டு போகின்றன, நாக்கு சும்மாவே இருப்பதில்லை. இத்தனைக்கும் நடுவில் வாய் தோலைவிட வேகமாக ஆறுகிறது, பெரும்பாலும் தடமும் விடுவதில்லை. எப்படி?

புண்ணின் மேல் தெரியும் மஞ்சள் படலத்தைப் பலர் சீழ் என்று நினைத்துச் சுரண்டுகிறார்கள். பாலின் மேல் ஆடை படிவதுபோல இரத்தத்தின் ஃபைப்ரின் இழைகள் பின்னிப் படிந்த திரை அது. அதைச் சுரண்டக் கூடாது, ஏனென்றால் அதன் அடியில்தான் வேலை நடக்கிறது. புண்ணின் விளிம்பிலிருக்கும் செல்கள் கீழே தங்களைப் பிணைத்திருந்த பிடிப்புகளைத் தளர்த்துகின்றன. தடித்து நின்றவை தட்டையாகின்றன. முன்பக்கம் மெல்லிய சவ்வை நீட்டி, அதைத் தரையில் ஊன்றி, உடலை இழுத்துக்கொண்டு நகர்கின்றன. ஒன்றையொன்று விடாமல், ஒரு விரிப்பாகவே பள்ளத்தை நோக்கி ஊர்கின்றன. பின்னால் இருக்கும் செல்கள் பிரிந்து பெருகி ஆள் அனுப்புகின்றன. எதிரெதிர் விளிம்பிலிருந்து வந்த விரிப்புகள் நடுவில் தொட்டுக்கொண்டதும் ஊர்வது நின்றுவிடும்.

இந்த ஊர்தலைத் தூண்டுவது எது? எச்சில். எச்சில் என்றாலே அசுத்தம் என்று ஒதுக்கிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கலாம். முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை. ஸ்டான்லி கோஹன் அதைச் சுண்டெலியின் எச்சில் சுரப்பியில் கண்டெடுத்தார்; பிறந்த குட்டிகளுக்கு அந்தச் சாற்றைச் செலுத்தியபோது அவை வழக்கமான நாளுக்கு முன்பே கண் திறந்தன. 1986-இல் ரீட்டா லெவி மொண்டால்சினியோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மனித எச்சிலில் ஈஜிஎஃப் எலியை ஒப்பிட மிகமிகக் குறைவு. அப்படியானால் நமக்கு வேலை செய்வது வேறு ஏதோ ஒன்று.

2008-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை எளிமையானது, அழகானது. ஆய்வகத் தட்டில் வாய்ச் செல்களை ஒரே அடுக்காக வளர்த்தார்கள். நடுவில் ஒரு கீறல் போட்டார்கள். மனித எச்சிலைச் சேர்த்த தட்டில் கீறல் வேகமாக மூடியது. பிறகு எச்சிலின் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கீறலில் விட்டுப் பார்த்தார்கள். மூடும் வேலையைச் செய்தவை ஹிஸ்டாட்டின் என்னும் சின்னஞ்சிறு புரதங்கள். இவற்றைப் பூஞ்சை கொல்லிகளாகத்தான் அதுவரை அறிந்திருந்தார்கள். பூஞ்சையைக் கொல்லும் குடும்பமே செல்லை நகரவும் சொல்கிறது! மனிதனிலும் உயர் குரங்கினங்களிலும் மட்டுமே இவை இருக்கின்றன. எலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபட்டிருக்காது.

எச்சில் மட்டும் காரணமில்லை. 2018-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த குழு, தன்னார்வலர்களின் வாயிலும் தோலிலும் ஒரே மாதிரிச் சிறு காயம் உண்டாக்கி ஒப்பிட்டது. காயம்பட்ட பிறகு தோல் செல்கள் தொடங்கும் பழுதுபார்க்கும் வேலைக்கு, வாய்ச் செல்கள் காயம்படும் முன்பே தயாராக இருந்தன. சாக்ஸ்2, பிட்எக்ஸ்1 போன்ற மரபணுக்கள் வாயில் எப்போதும் விழித்தே இருக்கின்றன. சாக்ஸ்2-ஐ எலியின் தோலில் விழிக்கவைத்தால் அந்தத் தோலும் வேகமாக ஆறியது. தினமும் கடிபடுகிற இடம் என்பதால் வாய் ஒருபோதும் தயார்நிலையிலிருந்து இறங்குவதேயில்லை. இதை முதன்முதலாகப் படித்தபோது நெடுநேரம் வேறெதுவும் ஓடவில்லை எனக்கு.

இப்போது தேர்வுக்கு வருவோம். 1998-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 11 பல் மருத்துவ மாணவர்கள் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். மேலண்ணத்தில் மூன்றரை மில்லிமீட்டர் காயம், கோடை விடுமுறையில் ஒன்று, தேர்வுக்கு மூன்று நாள் முன்பு எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. அதே வாய், அதே அளவு. தேர்வுக் காயம் ஆற சராசரியாக மூன்று நாள், அதாவது 40 சதவீதம், கூடுதலாகப் பிடித்தது. ஒருவருக்குக்கூட விடுமுறையின் வேகத்தில் ஆறவில்லை. இது கருவியால் வெட்டிய காயம், ஆப்தஸ் புண்ணல்ல. ஆனாலும் பதற்றம் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதற்கு இது தெளிவான சான்று. பதற்றத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், காயம் ஆறத் தேவையான முதல்கட்ட அழற்சியைக் குலைப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அம்மா, அத்தை, மருந்துக்கடைக்காரர் மூவர் சொன்னதையும் எடைபோட ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். புண்ணின் வலி முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்குகிறது. வலி தாங்காமல் மூன்றாம் நாள் எதைச் சாப்பிட்டாலும் ஏழாம் நாள் அது 'கேட்கும்'. அக்கிக்குக் காவி மண்ணால் எழுதுவதும் இப்படித்தான் பேர் வாங்கியது. அக்கி வைரஸால் வருவது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் சில வாரங்களில் கொப்புளம் காய்ந்துவிடும். எழுதிவிட்டுச் சும்மா இருப்பதால், முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்க வேண்டிய வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தவறிப்போகிறது. வருடக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியோடு முதியவர்கள் தவிப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

உடல் சூடு தணிய என்று அம்மாக்கள் கொடுக்கும் மணத்தக்காளிக் கீரையையும் தேங்காய்ப்பாலையும் அந்த வரிசையில் வைக்க மாட்டேன். கெடுதல் இல்லை, கீரையில் சத்து உண்டு, தேங்காய்ப்பால் காரமில்லாமல் இதமாக இறங்கும். ஆற்றுகிறதா என்பதைப் பாதிப்பேருக்குக் கீரை, மீதிப்பேருக்கு வேறு கீரை என்று பிரித்துக் கொடுத்துப் பார்க்கலாம். பெரிய கருவி தேவையில்லை, ஆட்களும் நாட்களும் போதும். நம் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு இப்படிப்பட்ட எளிய சோதனைகளுக்கென்றே பணம் ஒதுக்க வேண்டும். உயிரைக் கொல்லாத நோய் என்பதாலேயே ஒதுக்கிவைக்கக் கூடாது.

வயிற்றுப்புண்ணைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவாலோ வலி மாத்திரைகளாலோ வருவது. அது வாய்க்கு ஏறி வருவதில்லை. ஆனால் கிரோன் நோய், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் போன்ற குடல் நோய்கள் வாய்ப்புண்ணாகவும் தெரியலாம் என்பதால், தொடர்ந்த வயிற்றுப்போக்கும் எடை குறைவும் கூடவே இருந்தால் அத்தை சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது.

பி காம்ப்ளக்ஸ்? 2012-இல் வெளியான சோதனையில் 160 பேருக்கு ஒரு வருடம் வரை மல்டிவைட்டமின் (பல வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரை) அல்லது மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். புண் வரும் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. பி12 மட்டும் தனிக்கதை. இஸ்ரேலில் 2009-இல் வெளியான சிறிய சோதனையில், தினமும் 1000 மைக்ரோகிராம் பி12-ஐ நாக்குக்கு அடியில் வைத்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஆறாவது மாதத்தில் புண்ணே இல்லை. வெறும் மாத்திரை வைத்தவர்களில் 32 சதவீதம்தான். அளவைப் பாருங்கள், வழக்கமான மல்டிவைட்டமின் மாத்திரையில் இருப்பதைப்போலப் பல மடங்கு. அடிக்கடி புண் வருபவர்கள் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், இந்த நான்கையும் ஒருமுறை இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவது நல்லது. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு.

வந்துவிட்ட புண்ணுக்கு: வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிப்பது, மென்மையான பிரஷ், ரசத்துக்குப் பதில் தயிர்சாதம். டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு பசையை, மருத்துவரிடம் கேட்டு, அந்த முதல் சுருக்கு தெரிந்ததுமே வைத்தால்தான் அதிகப் பலன், ஏனென்றால் டி செல்களை அடக்குவதே அதன் வேலை. சாப்பிட்டபின், படுக்கும் முன், இடத்தைத் துடைத்துவிட்டு மெல்ல ஒற்ற வேண்டும், தேய்த்தால் ஒட்டாது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் வைக்கவே கூடாது, சதையைச் சுட்டுவிடும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் ஆஸ்பிரினின் உறவான சாலிசிலேட் கலந்த ஜெல்லும் வேண்டாம். வாயோடு பிறப்புறுப்பிலும் புண், கண் சிவப்பு என்று சேர்ந்து வந்தால் இரத்தக்குழாய்கள் அழலும் பெசெட் நோயாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண் ஆப்தஸ் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. விளிம்பு கெட்டியாகத் தட்டுப்பட்டாலும், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், வாய் முன்போல அகலத் திறக்காவிட்டாலும் காத்திருக்காதீர்கள். புகையிலை மட்டுமல்ல, புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய் மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எடுக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.