‘செட்டிங்கில் மாற்றம் இல்லை’ என்ற வரியைப் பார்த்ததும் 93288 போடாதீர்கள்

சென்னையிலிருந்து அமெரிக்கக் கார்டியாலஜி (இதயநோய்) சார்ட்டுகளுக்குக் கோடிங், அதாவது செய்த சேவைக்கு ஏற்ற பில்லிங் எண் போடும் வேலை, பார்க்கிறேன். புதிய கோடர்களின் வேலையை ஆடிட் செய்யும்போது, பேஸ்மேக்கர் செக்கப்பில் ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

போன வாரம் வந்த ஒரு சார்ட்: இரண்டு லீட் (இதயத்துக்குள் போகும் கம்பி) உள்ள பேஸ்மேக்கர், நோயாளி நேரில் வந்திருக்கிறார். த்ரெஷோல்ட், அதாவது இதயத்தைத் துடிக்க வைக்கத் தேவையான மிகக் குறைந்த வோல்டேஜ், ஏட்ரியலில் (மேலறை) 0.75 வோல்ட், வென்ட்ரிகுலரில் (கீழறை) 1.0 வோல்ட். கடைசி வரி, ‘செட்டிங்கில் மாற்றம் இல்லை’. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கோடர் 93288 போட்டிருந்தார். அது நேரில் கருவியில் உள்ள தகவலை எடுத்துப் படிப்பதற்கு மட்டுமான எண்.

அந்த 0.75 எப்படிக் கிடைத்தது? டெக்னீஷியன் புரோகிராமரில் (பேஸ்மேக்கர் செட்டிங்கை மாற்றும் கருவி) வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகிறார். எந்த அளவில் தூண்டுதலுக்கு இதயம் துடிக்காமல் போகிறது என்று ஈசிஜியில் பார்க்கிறார். இப்படி மாற்றி மாற்றிச் சோதித்த பிறகுதான் பழைய செட்டிங்கே இருக்கட்டும் என்று விடுகிறார்கள். இது புரோகிராமிங் எவால்யுவேஷன். முடிவில் செட்டிங் மாறியே ஆக வேண்டும் என்று சிபிடி (இந்த எண்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பு) சொல்லவில்லை. ஆகவே இங்கே 93280. ஒரு லீட் என்றால் 93279, இரண்டுக்கு மேல் என்றால் 93281.

இதைச் சொன்னதும் சிலர், த்ரெஷோல்ட் என்ற சொல்லைக் கண்டாலே புரோகிராமிங் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதுவும் தப்பு. இப்போதைய கருவிகள் பலவும் த்ரெஷோல்டைத் தாமே அளந்து சேமித்து வைக்கின்றன. சேமித்ததை எடுத்துப் படித்ததோடு சரி என்றால், எத்தனை லீட் இருந்தாலும் 93288தான். சார்ட்டில் தெளிவு இல்லையென்றால் டாக்டருக்குக் க்வெரி அனுப்புங்கள், தயவுசெய்து ஊகித்துப் போடாதீர்கள். அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பார்ட் பி-யில் அனுமதித்த தொகையில் பொதுவாக 20 சதவீதம் நோயாளியின் பங்கு. செய்யாத சோதனைக்கு ஒரு வயதானவர் கைக்காசைக் கட்டும்படி நம் எண் ஆக்கிவிடக் கூடாது.

நோயாளி வராமலே கருவியைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் ரிமோட்டில் குழப்பம் குறைவு. அதற்கான எண் 93294. அதை 90 நாளுக்கு ஒரு முறைதான் போடலாம். கண்காணிப்பு 30 நாள்கூட ஆகவில்லையென்றால் போடக் கூடாது. அந்த 90 நாளுக்குள் நோயாளி நேரில் வந்து புரோகிராமிங் நடந்திருந்தால் அதைத் தனியாகப் பில் செய்யலாம். ஆனால் ஒரே நாளில் 93280-ம் 93288-ம் சேர்ந்து போகாது.

எண்ணைத் தொடுவதற்கு முன் இம்ப்ளான்ட் ரிப்போர்ட்டையும் திறந்து பாருங்கள். சிஆர்டி-பி (இதயத்தின் இரு கீழறைகளையும் ஒத்துத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர்) பேஸ்மேக்கர் வரிசையில் வரும். சிஆர்டி-டி வந்தால் அது ஐசிடி (ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சியால் சரிசெய்யும் கருவி), அதற்கான புரோகிராமிங் கோடுகள் 93282 முதல் 93284 வரை.