கல்லீரலில் நார்: ‘ஃபைப்ரோசிஸ்’ சொல் விளக்கம்

போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து மாமா வந்திருந்தார். கையில் திருவனந்தபுரத்தில் எடுத்த ஃபைப்ரோஸ்கேன் ரிப்போர்ட். ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பது தெரிந்ததும், ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க எடுத்தது. ‘9.8 கிலோபாஸ்கல், எஃப்3’ என்று இருந்தது. யாரோ மலையாளத்தில் ‘கரள் கட்டியாயி’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

“மக்கா, ஈரல் கல்லாயிட்டுன்னாக்கும் சொல்லுகாவ. பெறவு மருந்து எதுக்கு?”

மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. நம் மொழியில் அந்த உறுப்பின் பெயரே கல்லீரல்தானே. நுரைபோல இருப்பது நுரையீரல், மண்போல இருப்பது மண்ணீரல், கையில் எடுத்தால் அவற்றைவிடக் கெட்டியாக இருப்பது கல்லீரல். பெயரில் கல் இருந்தாலும் நல்ல ஈரல் மெத்தென்றுதான் இருக்கும். பயந்தால் நமக்கு ஈரக்குலை நடுங்குகிறது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் காதலியையே ‘கரளே’ என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு பக்கமும் அது உயிரின் இடம்தான்.

‘ஃபைப்ரோசிஸ்’ என்பதில் கல் எங்கும் இல்லை. லத்தீனில் ‘ஃபைப்ரா’ என்றால் நார், இழை. ‘ஓசிஸ்’ என்பது நோய்நிலையைக் குறிக்கும் கிரேக்க விகுதி. வைரஸ் ஈரல் செல்களை ஆண்டுக்கணக்கில் புண்ணாக்கிக்கொண்டே இருக்கிறது. புண்ணை ஆற்றும் வேலையில் அங்குள்ள நட்சத்திர வடிவ செல்கள் கொலாஜன் என்ற நாரை இழுத்து இழுத்துப் போடுகின்றன. புண் ஆறுவதற்குள் அடுத்த புண். தழும்பின்மேல் தழும்பு.

மாமாவுக்கு மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கைக் காட்டித்தான் சொன்னேன். இளங்கிழங்கை வேகவைத்தால் மாவாக மலரும். முற்றியதில் நடுநாரை உருவிப் போட்டாலும் ஓரத்தில் நார் ஓடியிருக்கும், பல்லில் மாட்டும். நார் பாய்ந்த கிழங்கு என்போமே, அதேதான். அதனால் ஃபைப்ரோசிஸுக்கு ‘நாரேற்றம்’ என்பது என் தேர்வு. ‘இழைநார் வளர்ச்சி’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் சிரோசிஸுக்கும் அதே சொல்லைப் போட்டுவிடுவதுதான் தொல்லை. எஃப்3-இல் இருக்கும் மனிதர் அதைப் படித்துவிட்டு உயில் எழுத உட்கார்ந்துவிடுவார்.

சிரோசிஸ் நாரேற்றத்தின் கடைசிப் படி. பெயர் வைத்தவர், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே லயென்னெக், 1819-இல். பிரேதப் பரிசோதனையில் ஈரல் பழுப்பு மஞ்சளாக இருந்ததால், அந்த நிறத்துக்கான ‘கிர்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். அதாவது மூலச்சொல்லில் கெட்டியும் இல்லை, சுருக்கமும் இல்லை, வெறும் நிறம். ‘ஈரல் சுருக்கம்’ என்ற நம் வழக்கும் பாதி உண்மைதான். முற்றிய நிலையில் சுருங்கும். தொடக்கத்தில் வீங்கியும் இருக்கலாம். நாருக்கு நடுவே மிச்ச ஈரல் முண்டு முண்டாகத் திரள்வதுதான் அதன் அடையாளம். ‘ஈரல் முண்டாதல்’ என்றால் யாராவது சிரிப்பார்களோ?

எஃப் என்ற எழுத்து ஃபைப்ரோசிஸின் முதலெழுத்து. மெட்டாவிர் என்ற பிரெஞ்சு அளவுகோலில் எஃப்0 என்றால் நாரே இல்லை. எஃப்1-இல் ரத்தக்குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி மட்டும். எஃப்2-இல் அங்கிருந்து சில நார் வேலிகள் கிளம்பும், எஃப்3-இல் வேலிகள் பெருகும், எஃப்4 சிரோசிஸ்.

முன்பெல்லாம் இதைப் பார்க்க ஊசியால் ஈரலைக் கிள்ளி எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும் துண்டோ மொத்த ஈரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கு. இப்போது சக்கையை, அதாவது பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற கதைதான். வலது விலா இடுக்கில் கருவியை வைத்து லேசாகத் தட்டுவார்கள். அந்த அதிர்வு கெட்டியான ஈரலில் வேகமாகவும் மெத்தென்ற ஈரலில் மெதுவாகவும் ஓடும். பத்துத் தட்டல், அவற்றின் நடுமதிப்பு, கிலோபாஸ்கல் என்ற அலகில். ஹெபடைடிஸ் சி-யில் 7-ஐத் தாண்டினால் எஃப்2, 9.5 அளவில் எஃப்3, 12.5-க்கு மேல் எஃப்4 என்று பொதுவாகக் கொள்கிறார்கள். வயது, ரத்தத்தில் அளக்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு நொதிகள், பிளேட்லெட் இந்த நான்கை வைத்துக் கணக்குப் போடும் ஃபிப்-4 என்ற வழியும் உண்டு: 1.45-க்குக் கீழே முற்றிய நார் இருக்க வாய்ப்புக் குறைவு, 3.25-க்கு மேலே அதிகம்.

ஆனால் கருவி அளப்பது நாரை அல்ல, விறைப்பை. ஹெபடைடிஸுக்கு நாம் சொல்லும் ‘அழற்சி’யில் ‘அழல்’ இருக்கிறது, நெருப்பு. அந்த நெருப்பு எரியும்போதும் விறைப்பு கூடும். சாப்பிட்டவுடன் ஈரலுக்கு ரத்தம் கூடுவதாலும் கூடும். அதனால்தான் குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறாக வரச் சொல்கிறார்கள்.

கல்லில் நார் உரிப்பது என்போம், நடக்காத காரியத்துக்கு. இங்கே ஓரளவு நடக்கிறது. சோஃபோஸ்புவிர் வகை மாத்திரைகளை பெரும்பாலும் 12 வாரம் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு வைரஸ் போய்விடுகிறது. 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மருந்து இலவசம். வைரஸ் போனபின் நாரும் பலருக்கு மெல்லக் கரைகிறது. கிழங்கு மறுபடி இளசாகாது, ஈரல் ஆகும். ஆனாலும் எஃப்3, எஃப்4 வரை போனவர்கள், குணமான பிறகும் புற்று வருகிறதா என்று ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நான் அண்ணைக்கு புட்டும் பயறும் தின்னுட்டுல்லா போனேன்” என்றார்.

எவ்வளவு என்று கேட்டேன்.

“ரெண்டு குற்றி. அப்போ இதுல பாதி நாரு, பாதி புட்டாக்கும்.”